ஒரு மணி எழுபது நிமிஷம்

வாசுகிக்குக் கணக்கில் ஒரு தப்பும் வராது. அவளுக்கு வந்த கேடே அதுதான்!

விருத்தாசலத்தில் அவள் படித்த நடுநிலைப் பள்ளியில், ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர் சுப்புராயன் வாத்தியார். அறுபத்தெட்டாம் வருஷத்தில் பிரம்பு இல்லாத வாத்தியார் அவர் ஒருவர்தான். யார் கணக்கைத் தப்பாகப் போட்டார்களோ, அவர்களைத்தான் கரும்பலகைக்குக் கூப்பிடுவார். சாக்பீஸைக் கையில் கொடுத்து, "எப்படிப் போட்டேன்னு சொல்லும்மா" என்று பக்கத்தில் நின்று பொறுமையாகக் கேட்பார்.

சரியாகப் போட்டவர்களுக்கு? நோட்டில் ஒரு டிக். அதோடு சரி.

வாசுகியின் நோட்டு முழுக்க டிக்குகள்தான். ஒரு நாளாவது அவள் சாக்பீஸைத் தொட்டிருப்பாளா? கிடையாது. அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாஞ்சாலையோ தினமும் பலகைக்குப் போய் வந்தாள். வாசுகிக்கு வயிறு எரிந்தது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டாள். "ஏன் சார் தப்பு போடறவங்கள மட்டும் கூப்புடறீங்க?"

வாத்தியார் சிரித்தார். "வாத்தியாரா வர்றதுக்கு முன்னாடி, நான் பீங்கான் கம்பெனியில வேலை பார்த்தேன். சூளையிலேருந்து வர்ற கப்பைத் தட்டித் தட்டிப் பார்க்கணும். 'ணங்'குன்னு கேட்டா நல்ல கப்பு. வைக்கோல் வச்சுப் பொட்டியில போட்டு ரயிலேத்திடுவோம். கீறல் விட்ட கப்பைத்தான் மேஜை மேல வச்சு நாலு பேரு சுத்தி நின்னு பார்ப்போம். மண்ணுல ஈரமா? நெருப்பு அதிகமா? எனக்குத் தொழிலைக் கத்துக்கொடுத்தது அந்த ஒடைஞ்ச கப்புங்கதாம்மா. கணக்கும் அப்படித்தான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். வாசுகிக்கு மட்டும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அப்படியென்றால் அவள் வைக்கோலுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதானா?

வகுப்பில் அப்போது நேரக் கணக்கு நடந்தது. 2 மணி 40 நிமிஷத்துக்குப் புறப்பட்ட ரயில், 4 மணி 10 நிமிஷத்துக்கு வந்து சேர்ந்தது. எவ்வளவு நேரம் ஓடியது? பாஞ்சாலை நேராக 410-லிருந்து 240-ஐக் கழித்துவிடுவாள்.

"ஒரு மணி எழுபது நிமிஷம் சார்!"

மூன்று நாளாக இதே கதை. மூன்று நாளும் பலகை அவளுக்குத்தான்.

நாமும் வேண்டுமென்றே தப்பாகப் போட்டால் என்ன என்று வாசுகிக்குத் தோன்றியது. பென்சிலை எடுத்தாள். பாழாய்ப்போன கை, சரியான விடையைத்தான் எழுதியது!

அப்போதுதான் இன்னொரு யோசனை வந்தது. தப்பு போட்டால்தானே பாஞ்சாலையைக் கூப்பிடுவார்? அவளைத் தப்பே போட விடாமல் செய்துவிட்டால்?

சாயங்காலம் பாஞ்சாலையின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி, ஜங்ஷனுக்குப் போவலாம்."

"எதுக்குடி?"

"வாயேன், சொல்றேன்!"

ரயில் நிலையத்துக் கடிகாரத்தின் கீழே போய் நின்றார்கள். "எழுபது நிமிஷம் இதுல எங்க இருக்குது? காமி பாக்கலாம்."

பாஞ்சாலை விரலை நீட்டி ஐந்து ஐந்தாக எண்ணினாள். "அம்பது, அம்பத்தஞ்சு, அறுபது... ஐயோ, அறுபதோட முடிஞ்சி போவுதேடி!"

"அப்ப ஒரு மணியைக் கடன் வாங்கினா எத்தினி நிமிஷம் வரும்?"

"அறுபது!" பாஞ்சாலை தலையில் அடித்துக்கொண்டாள். "நான் நூறுன்னு இல்ல வாங்கிக்கினு இருந்தேன்!"

வாசுகி அதோடு விடவில்லை. மறுநாளும், அதற்கு மறுநாளும் உட்கார வைத்துக் கணக்குக் கொடுத்தாள். பாஞ்சாலை தடுமாறியபோதெல்லாம், "எப்படிப் போட்ட, சொல்லு" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை பாஞ்சாலைக்கு ஐந்து கணக்கும் சரி! வாசுகிக்கு நெஞ்சு குளிர்ந்தது. எங்கே? வாத்தியார் அப்போதும் பாஞ்சாலையைத்தான் கூப்பிட்டார்.

"நான் மூணு நாளாச் சொல்லியும் ஏறலையே. யாரும்மா சொல்லிக்கொடுத்தாங்க?"

"வாசுகி சார். ஸ்டேஷன் கடியாரத்தைக் காமிச்சிச் சொல்லிக்கொடுத்தா. அவ என் சிநேகிதி சார்!"

வகுப்பே வாசுகியைத் திரும்பிப் பார்த்தது. சும்மா இருந்திருந்தால் நல்ல பெயர் கிடைத்திருக்கும். ஆனால் 'சிநேகிதி' என்ற சொல் அவளைக் குத்தியது. எழுந்து நின்றாள்.

"சிநேகிதமெல்லாம் இல்ல சார். பொறாமை. அவ சரியாப் போட்டுட்டா நீங்க கூப்புட மாட்டீங்கன்னுதான் சொல்லிக்கொடுத்தேன்." சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை.

"சரியாப் போடறவங்கள நான் திரும்பிக்கூடப் பாக்கல. இது என் தப்பு" என்றார். சாக்பீஸை நீட்டினார். "வாம்மா. கடியாரக் கணக்கை எல்லாருக்கும் நீயே சொல்லிக்கொடு."

வாசுகி பலகைக்குப் போனாள். பக்கத்தில் நின்ற பாஞ்சாலையை நிமிர்ந்து பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

பாஞ்சாலை அவள் காதருகே குனிந்தாள்.

"ஏண்டி, அடுத்த வாரம் பின்னக் கணக்கு ஆரம்பிக்கறாராம். அதுக்கும் கொஞ்சம் பொறாமைப்படுடி!"