வானவர் கீதத்துக்குக் காத்திருந்தவன்

படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறிய ஷாலின் உட்கார்ந்தது, மெத்தென்ற ஏதோ ஒன்றின் மேல்... பதறி எழுந்தாள். சாம்பல் நிறத்தில், புசுபுசுவென்று முடி.

“அய்யோ, பூனையா?”

“மைக்குங்க,” என்றான் பக்கத்திலிருந்தவன். “காத்து சத்தம் வராம இருக்க உறை போட்டுக்கீது. இன்னா, நசுக்கிட்டீங்களா?”

முதல் ஷிப்ட் முடித்த களைப்பில் முறைத்தாள். அவன் இமைகளில் மழைத்துளி ஒட்டியிருந்தது... அதை ஏன் பார்த்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, வடக்குப்பட்டு வரும்வரை அவன் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம், அவள் நடத்தும் கத்தோலிக்கக் கோவில் பாடகர் குழுவின் முன்னால் அதே மைக். பெயர் ஃபிரடி. இயேசு பிறப்பைப் பற்றி ஒரு படமாம். இடையர்களுக்கு வானதூதர்கள் தோன்றும் காட்சிக்கு, வாத்தியம் இல்லாத பழைய லத்தீன் வானவர் கீதம் வேண்டுமாம். இதைப் பதிவு செய்து கொடுத்தால், அடுத்த படத்தின் ஒலிப்பதிவை அவனிடமே தருவதாக இசையமைப்பாளர் சொல்லியிருக்கிறார்.

“கிறிஸ்மஸ் அன்னிக்கு வாங்க,” என்றாள் ஷாலின். “அதுக்கு முந்தின நாலு வாரம், திருவருகைக் காலத்துல, அத பாட மாட்டோம்.”

“நானும் கிறிஸ்டியன்தாங்க. எங்க சபையில டிசம்பர் பொறந்தாலே வூடு வூடா பாட்டுதான்.”

அந்த வாரங்களில் பூசையில் அதைப் பாடக்கூடாது என்பதுதான் விதி. முன்பு குழுவை நடத்திய அவள் அப்பா கிறிஸ்துதாஸோ ஒத்திகையில்கூட வாய்விட்டுப் பாட விடமாட்டார். உதட்டை மட்டும் அசைக்கச் சொல்வார்... கிறிஸ்மஸ் காலையில் மணி அடிக்கும், அவர் கை உயரும், அடக்கிவைத்த அத்தனை குரலும் ஒன்றாகக் கிளம்பும். அவர் இறந்து இரண்டு வருஷம். அவர் விட்டுப்போனதில் அவளிடம் மிச்சம் அந்தக் காத்திருப்புதான்.

குழுவில் யாரோ இதைச் சொல்ல, அவசரத்தில் ஃபிரடி வாயைவிட்டான். “சினிமான்னதும் உங்க அப்பாவே பாடியிருப்பாரு.”

அவள் கண்கள் சட்டென்று நிறைந்தன. கிளம்புங்கள் என்று மட்டும் சொன்னாள்.

செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிப் பஸ் போனபோது அவனுக்குத் தன் அம்மா ஞாபகம். கிறிஸ்மஸ் சட்டையை பீரோவில் வைத்துப் பூட்டி, அன்று காலைதான் எடுத்துக் கொடுப்பாள்... அந்தப் புதுத்துணி வாசனை இப்போதும் வந்தது. அய்யோ, என்ன பேசிவிட்டேன்... இசையமைப்பாளருக்கு போன் செய்து, கிறிஸ்மஸ் வரை பொறுக்கச் சொன்னான். அன்றைக்குள் பதிவு வராவிட்டால் ஸ்டுடியோ ஆட்களைப் பாடவைத்துவிடுவேன், உன்னையும் மறந்துவிடுவேன் என்றார் அவர்.

கிறிஸ்மஸ் காலை. மணி அடித்தது. ஷாலினின் கை உயர்ந்தது... ஒரே குரலாக எழுந்தது பாட்டு. கடைசி பெஞ்சு ஓரம் மைக்கோடு நின்றவனை அவள் பார்க்காமல் இல்லை.

பூசை முடிந்ததும் அவளே வந்தாள். “நல்லா வந்துச்சா?”

“அன்னிக்குப் பேசினது தப்புங்க. மன்னிச்சுடுங்க.” தலைகுனிந்தான். “இன்னிக்கு... ரெக்கார்டு பட்டனையே அழுத்தல. உங்க கையையே பாத்துக்கினு நின்னுட்டேன்.”

“அப்போ உங்க படம்?”

“போவட்டுங்க. உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு... அத சொல்லிட்டேன், போதும்.”

முகம் சிவக்க அவள் திரும்பினாள். போகிறாளே என்று நினைத்தான்... அவளோ வாசலில் நின்ற குழுவைக் கைகாட்டி உள்ளே கூப்பிட்டாள்.

“இன்னிக்கு எத்தன தடவ கேட்டாலும் எங்கப்பாவே பாடியிருப்பாரு. வாங்க... இப்ப பட்டனப் பாருங்க, என்னப் பாக்காதீங்க.”

“அப்புறம்?”

“பாட்டு முடிஞ்சதும் பாருங்க,” என்றாள் மெல்ல. “நானும் அதுக்குத்தான் காத்துக்கினு இருந்தேன்.”