சேக்காட்டுக் கிணற்றில் இறங்கிய விளக்கு

வரதன் மேஸ்திரி சேக்காட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சண்டைக்காலம். ஆவடியில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த பட்டாள முகாமுக்குத் தண்ணீர் போதவில்லை. பக்கத்துச் சேக்காட்டில் ஒரு பாழுங்கிணறு. தூர் வாரினால் ஊறும். ஆனால் போன ஆடியில் அதில் இறங்கிய வேம்புலி என்ற கூலியாள், கெட்ட காற்றில் மூச்சடைத்துச் செத்ததிலிருந்து யாரும் கிட்டே போவதில்லை. இன்றைக்கே வேலையைத் தொடங்காவிட்டால் நாளைக்கு வரவேண்டாம் என்று முகாம் துரை வரதனிடம் சொல்லிவிட்டார்.

இறங்க ஒப்புக்கொண்டவன் கோவிந்தன் ஒருவன்தான். கயிறு பிடிக்க அவன் மனைவி தாயம்மாவும் வந்திருந்தாள்.

காற்றைச் சோதிக்க முகாமில் ஒரு பித்தளை விளக்கு கொடுத்திருந்தார்கள். சுடரைச் சுற்றித் தடித்த கண்ணாடி, மேலே கம்பிவலை, அடியில் இரண்டு திருகுகள். ஒன்று திரியை ஏற்றி இறக்கும். மற்றதைத் திருகினால் உள்ளுக்குள்ளேயே பொறி தட்டிப் பற்றிக்கொள்ளும். கீழே சுடர் நின்று எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் கூடாது.

அணைந்தது.

வரதன் மேலே இழுத்தான். கண்ணாடியைத் துடைத்தான், வலையை ஊதினான், திரியை ஏற்றிப் பற்றவைத்தான். மேலே சமர்த்தாக எரிந்த சனியன், பாதிக் கிணறு போனதும் மறுபடி அணைந்தது. இழுத்து இழுத்து உள்ளங்கை எரிந்ததுதான் மிச்சம். துரைமேல் காட்ட முடியாத ஆத்திரத்தையெல்லாம் சும்மா நின்ற கோவிந்தன்மேல் காட்டினான். கடைசியில் விளக்கை இழுக்கக்கூடப் பிடிக்காமல், கயிற்றைக் கல்லில் கட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

கிணற்றிலிருந்து ஈரமண் வாடை ஏறி வந்தது.

கீழே, இருட்டில், 'க்ரிக்' என்றது.

பொறி தட்டும் திருகின் சத்தம்.

மறுபடி 'க்ரிக்'.

சுடர் பற்றிக்கொண்டு ஆடாமல் அசையாமல் எரிந்தது.

யார் திருகியது என்று வரதன் யோசிக்கவில்லை. யோசித்தால் வேலை நின்றுபோகும். அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

"காத்து நல்லாய்டுச்சி. எறங்கு கோய்ந்தா."

கோவிந்தன் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். தாயம்மா மறுமுனையைத் தொடவில்லை. வேலை தொடங்குமுன் பொன்னியம்மனுக்குக் காவு கொடுக்கக் கொண்டுவந்த கோழியைக் கூடையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"மொதல்ல இத்த எறக்கு மேஸ்திரி. இது உசுரோட வந்தா எம் புருசன் போவட்டும்."

வரதன் முணுமுணுத்துக்கொண்டே இறக்கினான். விளக்கு வெளிச்சத்தில் கோழி நன்றாகத் தெரிந்தது. படபடவென்று சிறகடித்தது. பிறகு கழுத்து தொங்கிப்போனது.

பக்கத்தில் சுடர் அப்படியே எரிந்தது.

கோவிந்தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான். ஒரு நிமிஷத்தில் ஒருத்தனைக் கொல்லப் பார்த்தோமே என்று வரதனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. வேலை போனால் போகட்டும். விளக்கை மேலே இழுத்துத் தரையில் வைத்தான். இவ்வளவு நேரம் எரிந்த பித்தளை, தொட்டால் பனிக்கட்டியாக இருந்தது.

திரியை இறக்கி அணைக்கத் திருகினான். சுடர் சிறுத்தது.

பிறகு ஏறியது.

மறுபடி சிறுத்தது. மறுபடி ஏறியது.

"போதும், வெளாட்டு காட்டாத. கைய எடு மேஸ்திரி," என்றான் கோவிந்தன் தாழ்ந்த குரலில்.

வரதன் விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நா கைய எட்த்து நேரமாச்சி கோய்ந்தா."

திருகு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.