இறந்தவன் படகில் சூடான காப்பி

காலை எட்டு மணிக்கு ரோக்கோவின் படகில் காப்பி சூடாக இருந்தது. ரோக்கோ கடலோடு போய் நாலு மாதம் ஆகியிருந்தது. உடல் கிடைக்கவே இல்லை.

துறைமுகக் காவல் அதிகாரி துன்யா பக்கத்துத் தீவிலிருந்து வந்து இறங்கியபோது கரையில் ஈ காக்கை இல்லை. ஜன்னல்கள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. ஊருக்குப் பின்னாலிருந்த மொட்டை மலையிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை பிடித்த 'பூரா' என்னும் குளிர்காற்று விடாமல் இறங்கிக்கொண்டிருந்தது. வெயில் பளீரென்று அடித்தும் பல் கிட்டியது. விரிகுடாவில், தனித்தனி மிதவையில் ஒற்றைக் கயிற்றில் கட்டிக் கிடந்த படகுகளின் பாய்மரக் கம்பிகள் சேர்ந்து ஊளையிட்டன.

"கேக்குதா இன்ஸ்பெக்டரம்மா?" துடுப்புப் போட்டுக்கொண்டே கேட்டார் லூக்ஷா. கோடையில் மட்டும் வரும் சொந்தக்காரர்களின் படகுகளைக் குளிர்காலம் முழுக்கக் காவல் காப்பவர் அவர். வயதுக்கு மரியாதையாக ஊரே அவரை 'பார்பா' என்று கூப்பிடும். "அத்தனையும் ஊரையே வெறிச்சுப் பாக்குது, பாருங்க. ஞாயித்துக்கிழமையிலிருந்து இப்படித்தான். எனக்கு முதுகு சில்லுங்குது."

"முதுகு சில்லுங்கிறது காத்தாலயா, பயத்தாலயா பார்பா?"

"ரெண்டும்தான். ரோக்கோ போனதுக்கு அப்புறம் எத்தனை படகு! ஒண்ணுல ரேடியோ, ஒண்ணுல ஆழம் பாக்குற கருவி, மத்ததுல எஞ்சின்னு காணாமப் போச்சு. ஒவ்வொண்ணுலயும் உள்ள விளக்கு எரியும், மேசையில சூடாக் காப்பி இருக்கும். இப்ப யாரும் இந்தப் பக்கமே தலை காட்டுறதில்லை."

"பூட்டு?"

"ஒரு கீறல் இல்லை. சாவி எங்கிட்டதான். அதனால ஊருக்குள்ள ரெண்டே பேச்சு. ஒண்ணு நான், இல்ல ரோக்கோ." கிழவர் சிரிக்க முயன்றார், முடியவில்லை. "ரெண்டாவதையே நம்பட்டும்னு நானும் விட்டுட்டேன்."

ரோக்கோவின் படகு சின்னது. நடுவில் உயரமான அறை. அதற்குப் பின்னால், வால் பக்கத்தில், எஞ்சின் மாட்டும் சட்டம் வெறுமையாக நின்றது. பூட்டு திறந்து தொங்கியது. துன்யா அதை உற்றுப் பார்த்தாள். நெம்பிய தடமோ அறுத்த தடமோ இல்லை. அறைக்குள் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மேசையில் இரண்டு கோப்பைகள். ஒன்றில் காப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது. இன்னொன்று காலி.

"குடிச்சது யாரு?"

லூக்ஷா துடுப்பைப் பார்த்தார். "வின்கா. அவன் பொண்டாட்டி. எட்டு மணிக்குக் கரையிலிருந்து விளக்கைப் பாத்துட்டு என்னை இழுத்துட்டு வந்துச்சு. உக்காந்து குடிச்சுது. எதிர்க் கோப்பைகிட்ட என்னமோ பேசிக்கிட்டே குடிச்சுது. நான் வெளியவே நின்னுட்டேன்."

திரும்பி வந்தபோது வின்கா கரைக்கு வந்து நின்றிருந்தாள். ஐம்பது வயதுக்காரி. கண்ணுக்கு மை தீட்டியிருந்தாள். கையில் மடித்த ஆண்கள் கம்பளிச் சட்டை.

"புகார் குடுத்தது நான் இல்லைம்மா" என்றாள் முந்திக்கொண்டு. "அவரு பொருளை அவரு எடுத்துட்டுப் போயிருக்காரு. இதுல திருட்டு எங்க வந்துச்சு?"

"அவரைப் பாத்தீங்களா?"

"நான் குடுத்து வைக்கலை. யேரே பாத்துருக்கான். கேட்டுப் பாருங்க."

யேரேயின் கடையும் அதன் கொட்டகையும் கரையை ஒட்டியே இருந்தன. படகு அறைகளுக்கும் எஞ்சின்களுக்கும் சங்கிலியும் பூட்டும் விற்று, மாட்டியும் கொடுப்பவன். இந்தக் குளிர்காலத்தில் அவனுக்கு நல்ல வியாபாரம்; தூரத்து ஊர்களிலிருந்து சொந்தக்காரர்கள் போன் மேல் போன் போட்டுப் பூட்டை மாற்றச் சொன்னார்கள். வின்காவும் லூக்ஷாவும் பின்னாலேயே வர, துன்யாவை வாயிற்படியிலேயே வரவேற்றான்.

"சொன்னா சிரிப்பீங்க மேடம்."

"சிரிக்க மாட்டேன். எங்க நின்னு பாத்தீங்க?"

"இதோ, இதே படியில. விடிஞ்சு கொஞ்ச நேரம். நல்ல வெளிச்சம்."

"என்ன பாத்தீங்க?"

"ரோக்கோவை." குரல் தாழ்ந்தது. "வால் பக்கத்துல எஞ்சின் மேல கையை வச்சு உக்காந்திருந்தான். தலையிலிருந்து தண்ணி சொட்டுது. என்னைப் பாத்துக் கையைத் தூக்கினான்."

வின்கா சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எஞ்சினையும் பாத்தீங்களா?"

"தெளிவா. பாவம் லூக்ஷா பார்பா மேல பழி போடாதீங்கன்னுதான் சொல்றேன்."

துன்யா அவன் பக்கத்தில் படியேறி நின்று விரிகுடாவைப் பார்த்தாள். காற்று அவள் முதுகில் அறைந்தது. கம்பிகளின் ஊளை மட்டும் கேட்டது.

"யேரே, இங்கிருந்து அந்தப் படகுல என்ன தெரியுது?"

"படகு தெரியுது."

"எந்தப் பக்கம்?"

அவன் பார்த்தான். பதிலைத் துன்யாவே சொன்னாள்.

"மூக்கு தெரியுது. அதுக்குப் பின்னால அறை. ஒத்தைக் கயித்துல கட்டின படகு காத்து வர்ற திசைக்குத்தான் மூக்கைத் திருப்பும். மலையிலிருந்து காத்து இறங்குதுன்னா வால் கடலைப் பாக்கும். எஞ்சினும் அதுகிட்ட உக்காந்தவனும் அறைக்கு அந்தப்புறம். இங்கிருந்து பாக்கவே முடியாது. காத்து ஞாயித்துக்கிழமையிலிருந்து மாறலை."

"அப்ப... வேற எங்கயோ நின்னு..."

"இதே படின்னு இப்பதான் சொன்னீங்க. பாக்காததைப் பாத்தேன்னு சொல்ல ஒருத்தனுக்கு என்ன அவசியம்? சாவியால திறந்த பூட்டு எல்லாமே நீங்க மாட்டினது. பார்பாகிட்ட ஒரு சாவி குடுத்தீங்க. உங்ககிட்ட ஒண்ணு வச்சுக்கிட்டீங்க. ஊர் பயந்து கதவை அடைச்சுக்கணும், அதுக்குத்தான் விளக்கும் காப்பியும். அதோட நிறுத்தியிருக்கலாம். கொட்டகையைத் திறங்க."

அவன் அசையவில்லை. லூக்ஷாவே போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினார். தார்ப்பாய்க்கு அடியில் எஞ்சின்கள் வரிசையாகப் படுத்திருந்தன. கடைசி எஞ்சினின் மூடியில் ஆணியால் கீறிய ஒரு மீன். ரோக்கோவின் கைவேலை.

வின்கா அதைத் தடவினாள். பிறகு யேரேயிடம் வந்தாள்.

"நீ போட்டதா அந்தக் காப்பி?"

"வின்கா... நீ அழுதுக்கிட்டே கேட்ட. யாராவது பாத்தீங்களான்னு. பாவமா இருந்துச்சு. அதான் பாத்தேன்னு..."

"பாவமா இருந்துச்சா?" அவள் குரல் உயரவே இல்லை. "இருபத்தாறு வருஷத்துல சொல்லாம விட்டதையெல்லாம் அங்க உக்காந்து சொன்னேன்டா. நீ வச்ச கோப்பைகிட்ட."

யேரே தலையைத் தொங்கப் போட்டான். துன்யா அவன் மணிக்கட்டில் விலங்கை மாட்டினாள். வழக்கமாக அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். இன்று பிடிக்கவில்லை.

"அப்ப அவரு வரலை" என்றாள் வின்கா.

"இல்லைம்மா."

"வரவும் மாட்டாரு."



வின்கா கடலைப் பார்த்து நின்றாள். பிறகு லூக்ஷாவிடம் திரும்பினாள். "பார்பா, சாமியாருக்கு ஆள் அனுப்புங்க. உடம்பு கிடைக்காம அடக்கப் பூசை வைக்கக் கூடாதுன்னு நான்தான் தடுத்து வச்சிருந்தேன். இன்னைக்கே வைக்கச் சொல்லுங்க. மணியை அடிக்கச் சொல்லுங்க."

லூக்ஷா தொப்பியைக் கழற்றிக்கொண்டு தேவாலயம் இருந்த மேட்டில் ஏறினார். துக்க மணியின் முதல் அடி காற்றில் பாதி கரைந்துதான் கரைக்கு வந்தது. இரண்டாவது அடிக்கு ஒரு வீட்டு ஜன்னல் திறந்தது. பிறகு இன்னொன்று. கறுப்புத் துணி போர்த்திய பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்து, ஒன்றும் பேசாமல், வின்காவின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.