பொட்டலத்தின் மேல் போட்ட பழி

மே 15, புதன். இன்றைய தவறு: மூன்றாம் லேத் இயந்திரத்தின் மேல் இருந்த பச்சைப் பொட்டலத்தின் தேதியை நான் பார்க்கவில்லை. ஏப்ரலிலேயே காலாவதியாகிவிட்டது.

மாலை வகுப்பில், ஆசிரியர் வருவதற்கு முன் தன் தினசரி நோட்டில் இதை எழுதிய வான்லிங், பேனாவை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எழுதியது பொய்யில்லை... ஆனால் முழு உண்மையும் இல்லை.

தைவானின் தைச்சுங் நகரில் இயந்திரம் ஓடும் இடமெல்லாம், அது ஒழுங்காக ஓடட்டும் என்று அதன் தலைமேல் ஒரு தேங்காய்ச் சுவைப் பொரிப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். பச்சைதான் வைக்கவேண்டும். தேதி தாண்டினால் இயந்திரம் முரண்டு பிடிக்கும் என்பது நம்பிக்கை. காலை பத்து மணிக்குத் தொழிற்சாலையில் லேத் நின்றதும் மேலாளர் லாய் பொட்டலத்தைத்தான் முதலில் புரட்டிப் பார்த்தார். பிறகென்ன... ஆளாளுக்குச் சிரித்தார்கள். புதிது வாங்கி வரச் சொல்லி அவளைக் கடைக்கு விரட்டினார் லாய்.

வெளியே நல்ல மழை. கடையின் அடுக்கில் ஒரே ஒரு பச்சைப் பொட்டலம். அவள் கை வைத்த அதே நொடியில் எண்ணெய்க்கறை படிந்த இன்னொரு கையும் அதைப் பற்றியது. நிமிர்ந்தாள். நெற்றியில் ஒட்டிய ஈரமுடிக்குக் கீழே, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த இரண்டு கண்கள்...

"நான்தான் முதல்ல எடுத்தேன்," என்றாள்.

"மஞ்சள் பொட்டலம் நிறைய இருக்கே மேடம்."

"மஞ்சள வச்சா மெஷின் படுத்துக்கும்."

"ஏற்கெனவே படுத்துடுச்சு போல... மூஞ்சியே சொல்லுதே."

கன்னம் சுட்டது அவளுக்கு. 'என்ன திமிர்!' என்று நினைப்பதற்குள் அவன் கையை எடுத்துவிட்டிருந்தான்.

அரை மணி நேரத்தில் அதே கண்கள் கருவிப்பெட்டியோடு லேத்தின் எதிரே வந்து நின்றன. பழுதுபார்க்கும் நிறுவனம் அனுப்பிய ஆள் அவன்தான். பெயர் சுங்-யுவான். அவன் பிரித்தான், அவள் விளக்குப் பிடித்தாள். சுழல்தண்டைத் தாங்கும், கருகி நீலம் பாய்ந்திருந்த பேரிங்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டான்.

"சூடேறுறதுக்கு முன்னாடியே அளந்துட்டீங்களா?"

வான்லிங் விளக்கைத் தாழ்த்தினாள். லேத்தை இருபது நிமிடம் ஓடவிட்டு, இரும்பு சூடேறி விரிந்த பிறகுதான் பேரிங்கின் இடைவெளியை அளக்கவேண்டும். அவளுக்குத் தெரியாத பாடமா? காலையில் மழையால் பேருந்து தாமதம். அவசரத்தில் குளிர்ந்த இரும்பை அளந்து கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஓட ஓட இரும்பு விரிந்து, இடைவெளி அடைத்து, பேரிங் இறுகிவிட்டது.

அவன் அவள் கண்களைப் பார்த்தான். பிறகு குனிந்து, அறிக்கையில் 'பேரிங் தேய்மானம்' என்று எழுதினான்.

அந்த ஒரு வரி அவளைக் காப்பாற்றிவிட்டது. அளவுப் பிரிவில் ஆறு வருடம் நின்று, மாலை வகுப்பில் நான்கு வருடமாகப் படித்து, இப்போதுதான் மூன்று மாதமாகத் தற்காலிகப் பொறியாளர். வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று லாய் சொல்லப்போவது நாளைக்கு. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்... ஆனால், 'பொறியாளர்' என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அந்த நீலக்கறை நினைவுக்கு வருமே. நமக்கு இந்த வேலை உண்மையிலேயே வருமா? வராததால்தான் அவன் பரிதாபப்பட்டானா?

ஆசிரியர் உள்ளே நுழைந்தபோது நோட்டில் இரண்டாவது வரியும் இருந்தது: குளிர்ந்த இரும்பை அளந்தேன்.

மறுநாள் காலை அதை லாயிடம் சொன்னாள். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா."

"எனக்குத் தெரியுமே சார்."

நிரந்தரம் இல்லை; இன்னும் மூன்று மாதம் தற்காலிகம்தான் என்றார் லாய். அளவெடுக்கும் முறையைச் சுவரில் ஒட்டும்படி அவளே எழுதித் தரவேண்டும், அறிக்கையைத் திருத்திப் பழுதுபார்த்தவனிடம் புதிதாகக் கையெழுத்து வாங்கவேண்டும் என்றும் சொன்னார். அவள் தலையாட்டினாள். வெளியே வந்த பிறகுதான் கண் கலங்கியது.

மாலை வகுப்புக்கு முன், கல்லூரி வாசலில் மீன் உருண்டை சூப் விற்கும் கடைக்கு சுங்-யுவானை வரச் சொல்லியிருந்தாள். மழை தூறலாக இளைத்திருந்தது. அவன் உட்காருவதற்குள் புதிய அறிக்கையை அவன் முன்னால் நகர்த்தினாள்.

"என்னைக் காப்பாத்தச் சொல்லி யாரு கேட்டா உங்கள? நாளைக்கு நான் ஒரு வரைபடத்துல கையெழுத்துப் போட்டா அதுக்கு என்ன மரியாதை?"

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அறிக்கையைக் கடைசி வரி வரை படித்தான். கையெழுத்திட்டான். பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினான்.

"எட்டு வருஷமா மெஷினத் திறக்கிறேன். உள்ள இருக்கிறத அப்படியே எழுதுவேன். மாத்தி எழுதினது நேத்து மட்டும்தான்..." தயங்கினான். "பரிதாபம் இல்ல. உங்க கண்ணைப் பாத்துட்டேன்... இரும்பு மறந்துபோச்சு."

சூப்பின் ஆவி இருவருக்கும் நடுவே எழுந்து கலைந்தது. நேற்றிலிருந்து நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று மெல்ல இளகுவதை உணர்ந்தாள் வான்லிங்.

"எழுதும்போது இரும்ப மட்டும் பாருங்க."

"சரி. மத்த நேரம்?"

உதட்டைக் கடித்தாள். குனிந்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது.

"மத்த நேரம் என்னைப் பாருங்க... எனக்கும் உங்களப் பிடிச்சிருக்கு."

அவன் காதுமடல் சிவப்பதை அவள் பார்த்தாள். வகுப்பு மணி அடித்தும் இருவரும் எழுந்திருக்கவில்லை.

மே 16, வியாழன். இன்றைய தவறு: வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதம். நாளைய வேலை: காலை ஏழு மணிக்கு லேத் பிரிவின் நான்கு பேரையும் கூட்டி, அளவெடுக்கும் முறையைச் செய்து காட்டவேண்டும்.