மௌனக் குறிகள்

“டீச்சர், நீங்க மூச்சு விடறது மைக்ல விழுது” என்றார் ஒலிப்பதிவாளர், கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து. அவருடைய மகளுக்கு இவள்தான் பியானோ சொல்லிக்கொடுக்கிறாள். அதனால் குரலில் மரியாதை மிச்சமிருந்தது.

பியானோ முன் உட்கார்ந்திருந்த டீச்சர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். அவள் வாசித்த சொனாட்டா என்ற பியானோ இசைக்கோவையின் மெதுவான பகுதியில், படியிறங்குவதுபோல் ஒவ்வொன்றாக இறங்கும் சுரங்களுக்கு அடியில், ஈரத் துணியைத் தரையில் இழுப்பதுபோல ஒரு மூச்சு. அவளுக்குச் சளி இல்லை. வாயைக்கூடத் திறக்கவில்லை.

“பரவாயில்ல, திரும்ப வாசிக்கிறேன்.”

வாசித்துத்தான் ஆக வேண்டும். மேடை மேடையாக ஏறி வாசித்துப் பெயர் வாங்கியவள் தங்கை. யார் யார் பிள்ளைகளுக்கோ விரல் பிடித்துவிட்டே தலை நரைத்தவள் இவள். இந்த சொனாட்டாவை எழுதியவன் நன்றாக மீசை முளைப்பதற்குள் மூச்சுத் திணறும் நெஞ்சு நோயில் போய்ச் சேர்ந்துவிட்டான். இன்றுவரை யாரும் இதைப் பதிவு செய்ததில்லை. “யாருமே தொடலன்னா காரணம் இருக்கும்லக்கா?” என்று தங்கை போனில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வயிற்றெரிச்சலாக அப்படியே தங்கிவிட்டது. யாரும் தொடாததுதானே இவளுக்கு வேண்டும்? யாரோடும் ஒப்பிட்டு மட்டம் தட்ட முடியாத ஒரே ஒரு பதிவு, தன் பெயரில்.

இசை நிற்கிற இடத்தில் மூச்சு விடு, நடுவில் விடாதே. பிள்ளைகளுக்கு அவள் முதலில் கற்றுக்கொடுப்பது அதைத்தான். அவளுக்கும் அது ஊறிப்போன பழக்கம். ஆனால் இதில், வாசிப்பைச் சற்று நிறுத்தச் சொல்லும் மௌனக் குறிகள் கண்ட கண்ட இடத்தில் கிடந்தன. பிழையென்று நினைத்து அச்சிட்டவர்கள் பாதியை எடுத்துவிட்டிருந்தார்கள். அவள்தான் அவனுடைய கையெழுத்துப் பிரதியைப் பார்த்து, ஒன்றுவிடாமல் திரும்பச் சேர்த்தாள்.

மறுபடி வாசித்தாள். மௌனம் வந்த இடத்திலெல்லாம் அவசரமாக ஒரு வாய்க் காற்று. நெஞ்சு நிறைவதற்குள் அடுத்த சுரம் வந்துவிட்டது. கதவைப் பூட்டிவைத்த நோயாளி அறையின் புழுக்கமும் மருந்து வாடையும் எங்கிருந்தோ ஏறின. முடித்தபோது கண் இருண்டது.

ஒலிப்பதிவாளர் போட்டுக் காட்டினார். மூச்சு இருந்தது. இழுப்பு குறைந்திருந்தது.

“இது நீங்க இல்ல டீச்சர்” என்றார் அவர். “நீங்க விடாத இடத்துலயும் கேக்குது. இன்னைக்கு போதும். உங்க உதடெல்லாம் நீலமா இருக்கு.”

“வீட்டுக்குப் போய் என்ன பண்ண? உங்க பொண்ணு தப்பு தப்பா தட்டுறத கேக்கவா?”

சொன்னதும் அவளுக்கே சுருக்கென்றது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை.

“ரெக்கார்டிங்க ஓட விடுங்க.”

வாசிக்க வாசிக்கத்தான் உறைத்தது. இந்த மௌனக் குறிகள் இசைக்காக விட்ட இடங்கள் அல்ல. படுத்த படுக்கையில் எழுதியவன் மூச்சு வாங்கிய இடங்கள். அவற்றில்தான் இவள் இவ்வளவு நேரமும் மூச்சு விட்டிருக்கிறாள். அவனுக்குக் கிடைத்த அளவே இவளுக்கும்.

கடைசிப் பகுதி வந்தது. மௌனக் குறி இல்லை. பக்கம் திரும்பியது. அதிலும் இல்லை. நடுவிலேயே மூச்சை இழுத்துப் பார்த்தாள். நெஞ்சு திறக்கவில்லை.

கையை எடுத்தால் போதும்.

தங்கை சிரிப்பாள்.

எடுக்கவில்லை.

விரல்கள் ஓடின. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாக வாசித்ததே இல்லை. காது அடைத்தது. கடைசிச் சுரம். முடிந்தது. இப்போது மூச்சு விடலாம்.

வரவில்லை.

“டீச்சர், சுத்தமா வந்திருக்கு” என்றது ஸ்பீக்கரில் அவர் குரல். தலையைக் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தார். “இந்த தடவை மூச்சே கேக்கல.”

அவள் வாயைப் பிளந்தபடி முன்னால் சாய்ந்தாள். பியானோவின் பளபளப்பான கறுப்புப் பலகை முகத்துக்கு வெகு அருகில் இருந்தது. அவள் வாய்க்கு நேரே அது துடைத்துவைத்ததுபோல் தெளிவாக இருந்தது. அவள் தோளை ஒட்டி, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் வாய் வரும் உயரத்தில், ஆவி படிந்து, கலைந்து, மறுபடி படிந்தது, நிதானமாக, எந்த இழுப்பும் இல்லாமல்.