11.04-க்கு அழியும் நகல்

"ஐயோ... இது நான் பார்த்தது இல்ல!"

ஏழாம் நம்பர் அறையிலிருந்து கிளம்பிய அந்த அலறல் வராந்தாவின் கடைசி வரைக்கும் கேட்டது.

அலறியது நர்ஸ். பதினேழு வருட சர்வீஸில் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாதவள்!

கட்டிலில் இருந்தவர் செத்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. இதே ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் மயக்க மருந்து டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் சின்னதாய் ஒரு ஹெர்னியா ஆபரேஷன். அரை மயக்கத்தில் அறைக்கு வந்து சேர்ந்தார். 9.40-க்கு, ஆபரேஷன் ஆன எல்லோருக்கும் போடுகிற பென்சிலின் ஊசியை நர்ஸ் போட்டாள்.

9.55-க்கு ஆள் இல்லை.

ஆனால் அவள் அலறியது பிணத்தைப் பார்த்து அல்ல... கட்டிலருகே இருந்த கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து!

சிவப்பு எழுத்தில் ஒரு வரி மின்னியது.

'எச்சரிக்கை: பென்சிலின் ஒவ்வாமை.'

ஊசி போடும் முன் இதே திரையை இரண்டு தடவை பார்த்திருந்தாள். 'ஒவ்வாமை: இல்லை' என்று பச்சை எழுத்தில் இருந்தது. சத்தியமாக இருந்தது!

போலீஸுக்குப் போன் போட்டது தலைமை டாக்டர். கண்டிப்பும் கருணையுமான பெண்மணி. பத்தே நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கிவிட்டார்.

"சிவப்புல கொட்டை எழுத்துல போட்டிருக்கு. பார்க்காம குத்திட்டீங்களா சிஸ்டர்?"

"பார்த்தேன் சார்... அப்போ இல்லன்னுதான் இருந்தது..."

"அப்போ இல்ல, இப்போ இருக்கு. இது ரெக்கார்டா, பச்சோந்தியா?"

நர்ஸின் வேலை போகும். அது போனால் போகட்டும், ஜெயில்! பத்தாவது படிக்கும் மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். சாயங்காலம் அவளிடம் யார் போய் என்னவென்று சொல்வது?

போனை எடுத்தாள். ஆறு மாதமாகக் கூப்பிடாத ஒரு நம்பரை அழுத்தினாள்.

நாத்தனாரின் நம்பர்!

சண்டைக்குக் காரணம் நர்ஸின் வாய்தான். ஒரு குடும்ப விருந்தில், "நாள் பூரா கம்ப்யூட்டரை முறைச்சுப் பாக்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டுத் தொலைத்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

அந்த வேலைதான் இந்த ஆஸ்பத்திரியையே தாங்கிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம். நோயாளிகளின் விவரம் எல்லாம் க்ளவுடில். வெள்ளத்தில் ஒரு ஊர் சர்வர் மூழ்கினாலும் இன்னொரு ஊர் சர்வரிலிருந்து ஆஸ்பத்திரி ஓட வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவள் நாத்தனார். இன்று அதற்கு வருடாந்தர ஒத்திகை என்பதால், காலையிலிருந்து மூன்றாவது மாடியில்தான் இருந்தாள். அது தெரிந்துதான், அவள் கண்ணில் படாமலிருக்க, நர்ஸ் லிஃப்ட் பக்கமே போகாமல் படியேறிக்கொண்டிருந்தாள்!

போனில் விஷயத்தைக் கேட்டதும் மூன்று மாடியும் ஓடி இறங்கி வந்தாள் நாத்தனார்.

"அண்ணி, என்னைப் பாருங்க. திரையில என்ன இருந்தது?"

"ஒவ்வாமை இல்லன்னு... என் பொண்ணு மேல சத்தியம்டி..."

"சத்தியமெல்லாம் வேணாம். நீங்க சண்டை போடுவீங்க, மூஞ்சியைத் திருப்புவீங்க. பொய் சொல்லிப் பார்த்ததில்ல."

நர்ஸ் வாய்விட்டு அழுதாள். பயத்தில் பாதி, வெட்கத்தில் பாதி.

"பதினஞ்சு நிமிஷம் குடுங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே படியேறினாள் நாத்தனார்.

10.40.

தலைமை டாக்டரின் அறையில் ஐந்து பேர். இன்ஸ்பெக்டர், தலைமை டாக்டர், நர்ஸ், மடியில் லேப்டாப்போடு நாத்தனார். ஐந்தாவது ஆள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர். தும்முவதற்குக்கூட ஃபாரம் கேட்பார் என்பதால் அவருக்கு 'ரூல்ஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"இந்த ரெக்கார்டை யாரோ 10.04-க்குத் திருத்தியிருக்காங்க சார்" என்றாள் நாத்தனார்.

"யாரு?"

"அட்மின் லாகின். பாஸ்வேர்டு இங்க வாட்ச்மேன் தவிர எல்லாருக்கும் தெரியும்."

"வாட்ச்மேனுக்கும் தெரியும்" என்றார் ரூல்ஸ், எரிச்சலாக. "தவிர, என்ன திருத்தினாங்கன்னு அதுல தெரியாது. போன் நம்பரை மாத்தியிருக்கலாம்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "இன்னொரு ஊர்ல நகல் இருக்குன்னு சொன்னீங்களே? அதைப் பார்த்தா போச்சு!"

"பிரயோஜனம் இல்ல சார். அது கார்பன் பேப்பர் மாதிரி. இங்க நல்லது எழுதினா நல்லது, பொய் எழுதினா பொய். ரெண்டே செகண்ட்ல அங்கேயும் பதிஞ்சிடும். நகல் எடுக்கறதும் பேக்கப் எடுக்கறதும் வேற வேற."

நர்ஸ் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதானா?

"ஆனா..." நாத்தனார் லேப்டாப்பைத் திருப்பினாள். "மூணாவதா ஒரு நகல் இருக்கு. வேணும்னே ஒரு மணி நேரம் லேட்டா ஓடற மாதிரி வெச்சிருக்கேன். 10.04-க்கு இங்க நடந்த திருத்தம், அதுல 11.04-க்குத்தான் ஏறும். அதுக்குள்ள நிறுத்திட்டா, 9.40-க்கு அண்ணி என்ன பார்த்தாங்கன்னு அப்படியே தெரிஞ்சிடும்!"

சுவர்க் கடிகாரம் 10.44.

"அப்ப நிறுத்தித் தொலைம்மா!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

"நான் ஒருத்தி நிறுத்த முடியாது. க்ளவுடுக்குள்ள போற சாவி மூணு பேர்கிட்டதான் இருக்கு. நான், மேடம், ரூல்ஸ் சார். ரெண்டு பேர் சம்மதிச்சாத்தான் நிக்கும். அவங்கவங்க லாகின், அவங்கவங்க போனுக்கு வர்ற ரகசிய நம்பர்."

எல்லோரும் ரூல்ஸைப் பார்த்தார்கள்.

"ஃபாரம் பதினாலு வேணும்" என்றார் அவர்.

"யோவ்!"

"எழுத்துல இல்லாம நான் எதையும் தொட மாட்டேன் சார். எடுத்துட்டு வரேன்." ரூல்ஸ் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

தலைமை டாக்டர் எழுந்து வந்து நர்ஸின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இடது கையால் அவள் தோளை அணைத்துக்கொண்டார்.

"பயப்படாதேம்மா. ஒரு உயிர் போயிருக்கு, இந்த ஆளு ஃபாரம் தேடறான்! நான் குடுக்கறேன் சம்மதம்."

"ரொம்ப நன்றி மேடம்..." நர்ஸ் அவர் தோளிலேயே சாய்ந்துவிட்டாள்.

தலைமை டாக்டர் வலது கையில் போனை எடுத்துத் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

"நம்பர் வரலையேம்மா..."

10.51.

"திரும்பப் போடுங்க மேடம்."

"போட்டுட்டேதான் இருக்கேன். இந்த அறையில சிக்னல் எப்பவுமே மோசம்."

10.55.

ரூல்ஸ் திரும்பவில்லை. இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். "அந்த ஃபாரம் ஆளு எங்க போனான்னு பாரு. எனக்கு அவன் மேலதான்யா கண்ணு!"

நர்ஸ் லேப்டாப் திரையையே வெறித்தாள். மூன்று கோடுகள். மூன்றாவது கோட்டின் பக்கத்தில் 'தாமதம்: 60 நிமிடம்.' அந்தக் கோட்டில்தான் அவள் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

10.58.

எழுத்து மாறியது!

'தாமதம்: 0 நிமிடம்.'

"ஐயையோ!" நாத்தனார் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "யாரோ தாமதத்தையே எடுத்துட்டாங்க! மூணாவது நகலும் மத்ததைப் பிடிச்சிடுச்சு. இனிமே அதுலயும் சிவப்புதான். போச்சு அண்ணி... எல்லாம் போச்சு!"

நர்ஸின் கண்கள் இருட்டிக்கொண்டு வந்தன. தலைமை டாக்டர் மட்டும் பிடித்திருக்காவிட்டால் நாற்காலியோடு சரிந்திருப்பாள்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "சிஸ்டர், வேற வழியில்ல. கிளம்புங்க."

கதவு திறந்தது.

ரூல்ஸ்! கையில் ஃபாரம் பதினாலு. மூன்று பிரதிகள், முத்திரையோடு.

பின்னாலேயே கான்ஸ்டபிள். "இவர் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தார் சார். போன் அவர் மேஜை மேல சார்ஜ்ல கிடந்தது."

"இவர் இல்லைன்னா..." இன்ஸ்பெக்டர் இழுத்தார்.

நாத்தனார் தலையிலிருந்து கையை எடுத்தாள். அவள் முகத்தில் இப்போது அழுகையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை!

"சார், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். மூணாவது நகல்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

"என்னது!"

"அரை மணி நேரம் முன்னாடி மாடியில நான் பண்ணின காலி டப்பா அது. உள்ள ஒரு எழுத்துகூட இல்ல. நிறுத்தத்தான் ரெண்டு பேர் வேணும்; தாமதத்தை எடுக்க ஒருத்தரோட சொந்த லாகினே போதும். கொலைகாரர் தவிர வேற யாருக்கு சார் அதை அழிக்க அவசரம்?"

"அப்போ தொட்டது?"

நாத்தனார் லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினாள். இன்ஸ்பெக்டர் படித்தார். மறுபடி படித்தார். நிமிர்ந்தபோது அவர் பார்வை நர்ஸின் தோள்மேல் இருந்த கையில் போய் நின்றது.

அந்தக் கை சட்டென்று விலகியது.

நர்ஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு கையால் அணைத்துக்கொண்டே இன்னொரு கையால் குழி வெட்டியிருக்கிறார்!

"நான்சென்ஸ்!" தலைமை டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. "கை தவறிப் பட்டிருக்கும். அதுவும் ஒரு காலி டப்பா. அதை வெச்சு என்ன நிரூபிக்கப் போறே?"

"அதை வெச்சு இல்ல மேடம். ஒவ்வொரு திருத்தமும் வரிசையா ஒரு பூட்டின இடத்துல பதிஞ்சுட்டே இருக்கு. முப்பத்தஞ்சு நாளைக்கு அதை நானே நினைச்சாலும் அழிக்க முடியாது. எந்த நிமிஷத்துக்கு வேணும்னாலும் திரும்பிப் போகலாம். என்ன, கொஞ்சம் நேரமாகும். 9.40-க்குப் போகச் சொல்லிட்டுத்தான் இந்த அறைக்கே வந்தேன்."

லேப்டாப் 'டிங்' என்றது.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். 9.40. பச்சை எழுத்து.

'ஒவ்வாமை: இல்லை.'

அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள். காலை 7.52-க்கு ஒவ்வாமை நீக்கப்பட்டது. 10.04-க்கு மறுபடி சேர்க்கப்பட்டது.

"அண்ணி, நீங்க பார்த்தது சரிதான்."

நர்ஸ் நாத்தனாரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "ஒரு வேலையான்னு கேட்டேனேடி... என்னை மன்னிச்சுடு..."

"அழுங்க, பரவால்ல. லேப்டாப் மேல மட்டும் அழாதீங்க. ஆபீஸுது."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "டாக்டர், உங்க ஆபரேஷன் டேபிள்ல போன வருஷம் செத்துப்போன பொண்ணைப் பத்தி எங்களுக்கு ஒரு புகார் வந்தது. எழுதினவர் ஏழாம் நம்பர் அறைக்காரர்னு இப்பத்தான் எனக்கு உறைக்குது. அடுத்த வாரம் சாட்சி சொல்றதா இருந்தார். நீங்க எப்படியோ மோப்பம் பிடிச்சிருக்கீங்க."

தலைமை டாக்டர் போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார்.

நர்ஸுக்கு ஒரு சந்தேகம். "ஏண்டி, ரூல்ஸ் சார் காட்டிக் குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"மூணாவது நகல் கிடையாதுன்னு எனக்குத் தெரியும்மா" என்றார் ரூல்ஸ், பெருமையாக. "பேரழிவு மீட்புத் திட்டம், பக்கம் முப்பத்தொண்ணு. பூட்டின இடம் பத்தி முப்பத்திரெண்டு. உங்க நாத்தனார் பண்ணின கண்ஜாடையைப் பார்த்துட்டுத்தான் ஃபாரம் கேட்டுட்டு வெளியே போனேன்."

"அதே திட்டத்துல மேடமும் கையெழுத்துப் போட்டிருக்காங்களே!"

"போட்டாங்க. நாப்பது பக்கத்தையும் நாப்பது செகண்ட்ல."

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. காகிதங்களைத் தலைமை டாக்டரின் முன்னால் வைத்தார். அவர் பேனாவை எடுத்து நேரே கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

பதினேழு வருடமாகக் குரலை உயர்த்தாத நர்ஸ் இன்று இரண்டாவது தடவை உயர்த்தினாள்.

"மேடம்... இதையாவது படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க!"