தம்பி மாற்றிய கியர் ஆயில்

"என் தம்பி ஏமாத்துக்காரனா இல்லையான்னு இன்னிக்கே தெரியணும் சார்!"

விபத்துக் கார்களைப் பரிசோதித்துப் பழகிய ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் சர்வேயரின் வீட்டுக்கு வந்த, கார் ஓட்டக் கற்றுத்தரும் அந்தப் பெண்மணி உட்காரக்கூட இல்லை. மெக்கானிக்கான தம்பி போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஆட்டோமேட்டிக் காருக்குக் கியர் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியிருந்தான். புதன்வரை கார் நன்றாக ஓடியது. வியாழனன்று மேடு ஏறும்போது இன்ஜின் அலறியது, கார் நகரவில்லை. பின்னால் ஒரு லாரி. ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பெண் அழுதேவிட்டாள்.

"பழைய ஃபில்டரைக் கையில கொடுத்தான், நம்பிட்டேன். ஆயிலைக் குறைச்சு ஊத்தியிருக்கான். இனி என் வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லிட்டேன்."

சர்வேயர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பக்கத்துக் கடைத் தையல்காரரும், யாரும் கூப்பிடாமலே, டார்ச்சோடு ஒட்டிக்கொண்டார். "இது பெரிய சதி சார்," என்றார் தெரு திரும்புவதற்குள். சர்வேயருக்குத் தலைவலி அங்கேயே ஆரம்பித்தது.

பெண்மணியின் வீட்டு வாசலில் சர்வேயர் காரைச் சமதளத்தில் நிறுத்தி, சூடேறியதும், இன்ஜின் ஓடும்போதே அளவுக் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தார். ஆயில் பளிச்சென்று சிவப்பாக இருந்தது, ஆனால் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. இன்ஜினை நிறுத்தியதும் தையல்காரர் அடியில் புகுந்து, சட்டை முழுக்க மண்ணோடு வெளியே வந்தார். "ஒரு சொட்டு ஒழுகல சார்!"

உள்ளே, கூடத்து மீன் தொட்டி கலங்கிக் கிடந்தது. "இவர் வெள்ளிக்கிழமை தவறாம தண்ணி மாத்துவார். நேத்து அதையும் காணோம்," என்று பெண்மணி அங்கே நின்ற கணவர்மேல் பாய்ந்தார்.

கணவர் தொண்டையைச் செருமினார். "ஆயில் நிறையத்தான் இருந்துச்சு சார். வியாழக்கிழமை விடியக்காலையில நானே பார்த்தேன். யார் தூக்கமும் கெடக்கூடாதுன்னு சத்தமே போடல."

"கேட்டீங்களா சார்? அப்புறம்தான் திருடன் வந்திருக்கான்!" என்று குதித்தார் தையல்காரர்.

"கொஞ்சம் வாயை மூடுய்யா," என்றார் சர்வேயர். பிறகு கணவரைப் பார்த்தார். "சத்தமே இல்லைன்னா இன்ஜினை ஓட விடல. நின்ன வண்டியில ஆயில் கீழே இறங்கிடும், கம்பியில அளவு கூடுதலாத்தான் காட்டும். மச்சான் அதிகமா ஊத்திட்டார்னு நீங்களே உறிஞ்சி எடுத்துட்டீங்க."

"எதால சார்?" என்றார் தையல்காரர்.

"தொட்டித் தண்ணி மாத்துற குழாயால. ஆயில் பட்ட குழாயை மறுபடி மீனுக்கு விட இவருக்கு மனசு வரல."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா என்னை முட்டாள்னு நினைப்பீங்கன்னு..."

"மீனுக்குப் பாவம் பார்த்தீங்க. தம்பியை நான் அத்தனை பேச்சு பேசினப்போ பக்கத்துலதானே நின்னீங்க?" பெண்மணி கைபேசியில் தம்பியின் எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் திணித்தார். "நீங்களே சொல்லுங்க."

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். "அக்கா, வண்டி இப்ப மேடு ஏறுதா? உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

கணவர் வாயைத் திறப்பதற்குள் பெண்மணி கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடியே கத்தினார்: "ஏறல. ஆயில் எடுத்துட்டு உடனே வாடா. வாசப்படி இங்கதான் இருக்கு, வந்து மிதி!"